அம்சா பேக்கரியின் ஹார்ட் டிஸ்க்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஒரு கல்யாண வீடியோக்காரர் வந்தார். மேஜையிலிருந்து கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க், ரிப்பேருக்கு. காதருகே வைத்து ஓடவிட்டதுமே தெரிந்துவிட்டது, உள்ளே ஊசி தட்டில் உரசுகிறது. கல்யாணப் பெண்ணின் அப்பா தன்னை அடிக்க வருவார் என்றார். சென்னைக்கு அனுப்பச் சொன்னேன்.

மதியம் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பெயர் விசாலி. கைப்பையிலிருந்து குழந்தைத் துண்டில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என்ற வீட்டுக்காரர் பீரோ லாக்கருல ஒளிச்சு வெச்சிருந்தாருங்க்கா. ஒருநாள் நான் தொட்டதுக்குக் கன்னத்துல அறைஞ்சாரு. உள்ள ஏதோ பொம்பளைங்க சமாச்சாரம் இருக்குது. எனக்கு அது வேணும்."

"ஓடுதா?"

"ஓடலீங்க்கா. எரிஞ்சுபோனதுன்னு சொன்னாரு. எரிஞ்சுபோனதை எதுக்குங்க பூட்டி வெக்கணும்?"

நியாயமான கேள்வி. டிஸ்க்கைத் திருப்பினேன். டிஸ்க்கை மாட்டிய தேதி மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. அதன் கீழே 'அம்சா பேக்கரி'.

கீழ்க்கடை ஞானம் அண்ணனும் தான் மாட்டுகிற டிஸ்க்கில் இப்படித்தான் தேதி எழுதுவார். கேமரா வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"வீட்டுக்காரர் பேரு?"

"திலீப்புங்க. சத்தி ரோட்டுல எங்க மாமனாரோட பேக்கரி இருக்குதுங்க்கா."

எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த பேக்கரி வாசலில்தான் என் கணவர் தயாளன் செத்தார். பம்ப் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, விடியற்காலையில் பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வேகமாக வந்து தானே விழுந்தார் என்று போலீஸ் எழுதி முடித்தது. பேக்கரி முதலாளி ரங்கசாமி சாட்சி சொன்னார்: "சத்தம் கேட்டு வெளிய வந்தேன், விழுந்து கிடந்தாருங்க. கேமராவா? போன வாரமே கரண்டு ஏறி டிஸ்க்கு எரிஞ்சுபோச்சுங்க."

அந்த டிஸ்க் இப்போது என் மேஜையில்.

விசாலியிடம் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 4, புதன்

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சை போர்டைத் திருகு கழற்றி எடுத்தேன். ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு அளவில் மின்சாரம் போகும், பன்னிரண்டு வோல்ட், ஐந்து வோல்ட். ஒவ்வொன்றுக்கும் வாசலில் காவலுக்கு ஒரு குட்டி டயோடு நிற்கும். அளவுக்கு மீறி வந்தால் அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் டயோடு செத்திருந்தது. பன்னிரண்டு வோல்ட் டயோடு புத்தம் புதிது போல இருந்தது. மோட்டாரைச் சுற்றவைக்கும் சிப்பில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் பழுப்பு.

தெருக் கரண்டு ஏறியிருந்தால் முதலில் அடாப்டர் போகும், அப்புறம் கேமராப் படத்தைப் பதிகிற டி.வி.ஆர். பெட்டி போகும், கடைசியில்தான் டிஸ்க். அந்தப் பெட்டி இன்றைக்கும் பேக்கரி கல்லாவுக்கு மேலே பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். மூன்று வருடமாக மாதம் ஒரு தடவையாவது அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

ஐந்து வோல்ட் போகிற கம்பியில் பன்னிரண்டு வோல்ட்டை யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தற்செயலாக நடக்கிற வேலை இல்லை. தெரிந்த கை செய்தது.

போர்டைத்தான் கொன்றிருக்கிறார்கள். உள்ளே தட்டு அப்படியே இருக்கிறது. பதிவும் அப்படியே இருக்கும்.

ரங்கசாமி, உன்னை விட மாட்டேன். உன் பையனையும் விட மாட்டேன்.

ஜூன் 5, வியாழன்

சிலிண்டர் வந்தது. அத்தைக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். சொட்டு விடும்போது, "ஏங்கண்ணு கை இப்படிச் சில்லுன்னு இருக்குது" என்றார். தயாளனின் அம்மா. தன் பையன் வேகமாக ஓட்டித்தான் செத்தான் என்று மூன்று வருடமாக நம்பி, அவர் போட்டோவைப் பார்த்துத் திட்டிக்கொண்டே பூ வைக்கிறவர். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

செத்த போர்டுக்குப் பதில் அதே நம்பர் போட்ட இன்னொரு போர்டு வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஓடாது. என்னிடம் இல்லை. கீழே இறங்கி ஞானம் அண்ணனிடம் கேட்டேன்.

ஞானப்பிரகாசம் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். கீழ்த்தளம் அவருடைய கேமரா கடை. தயாளன் போன அடுத்த ஆடியில் அவராகவே எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நான் கல்யாணத்துக்கு முன்னால் சர்வீஸ் கம்பெனியில் போர்டு வேலை செய்தது தெரியும் என்றார். "மேல ரூமு சும்மாதாம்மா கிடக்குது, நீ கடை போடு" என்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அத்தைக்கு மீன் வாங்கி வருவார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தது அவர்தான். ஏன் இவ்வளவு செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. சில பேர் அப்படி இருப்பார்கள்.

பேக்கரி கேமரா பற்றி முன்பே அவரிடம் விசாரித்திருக்கிறேன். "அது வேற ஆளு போட்டதும்மா" என்றார்.

போர்டு நம்பரைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்த டிஸ்க்குக்கும்மா?"

"ஒரு கஸ்டமருதுங்கண்ணா."

"எந்தப் பக்கத்து ஆளு?"

"சத்தி ரோடு."

நம்பர் எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இது பழைய மாடலு ரேணு. கிடைக்காது. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடு."

முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 9, திங்கள்

பேக்கரிக்குப் போனேன். ஒரு எக் பஃப்ஸ் வாங்கி, கல்லாவுக்கு நேர் எதிரே நின்று தின்றேன். ரங்கசாமி வழக்கம்போல எழுந்து நின்றார்.

"நல்லா இருக்கீங்களா அம்மணி? அம்மா சௌக்கியமா?"

"இருக்கோமுங்க."

"ஏதாச்சும் உதவி வேணும்னாக் கேளுங்க. நம்ம கடை வாசல்ல நடந்தது. எனக்கு மனசே ஆறலீங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் மென்றுகொண்டே இருந்தேன். இந்த ஆளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. கோர்ட் வாசலில், செருப்பில்லாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, போட்டோ எடுக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி. பஃப்ஸ் நன்றாகவே இருந்தது. முழுவதும் தின்றேன்.

ஜூன் 12, வியாழன்

விசாலி போன் செய்தாள். வேலை நடக்கிறது என்றேன்.

"பொம்பளை போட்டோ ஏதாச்சும் இருந்தா முதல்ல எனக்கு அனுப்புங்க்கா. டைவர்ஸுக்கு வக்கீலு கேக்கறாரு."

சரி என்றேன். பாவமாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் டிஸ்க்கைத் திருப்பிக் கேட்பாள்.

ஜூன் 14, சனி

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் காலை முழுக்கத் தேடினேன். ஒரு கோணிப்பை நிறையச் செத்த டிஸ்க்குகள். ஒவ்வொன்றாகத் துடைத்து நம்பர் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே நம்பர் ஒன்று கிடைத்தது. கடைசி எழுத்து மட்டும் வேறு. ஆசையில் வாங்கி வந்து மாட்டினேன். மோட்டார் ஒரு விநாடி முனகி நின்றுவிட்டது. உள்ளே ஏதாவது கெட்டிருக்குமோ என்று பயந்து உடனே கழற்றினேன். புத்தி கெட்டுப்போய்ச் செய்த வேலை. வேறொருவர் டிஸ்க்காக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ஞானம் அண்ணன் மேலே ஏறி வந்தார். அவர் முட்டிவலிக்காரர், மேலே வரவே மாட்டார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு போர்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இந்த நம்பருதானே கேட்டே?"

பார்த்தேன். கடைசி எழுத்து வரை அதேதான்.

"கிடைக்காதுன்னீங்களேண்ணா?"

"கிடைச்சுதும்மா."

"எங்கீங்கண்ணா?"

மேஜை மேல் இருந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெயர் எழுதிய பக்கத்தைக் கீழே திருப்பித்தான் வைத்திருந்தேன்.

"இதை மாட்டினா ஓடிருமா ரேணு?"

"ஓடுமுங்கண்ணா."

"ஆமா. நீ கை வெச்சா ஓடிரும்." படி வரை போய்த் திரும்பினார். "தப்பா மாட்டிராதே. இது ஒண்ணுதான் இருக்குது."

டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கும் சத்தம் கேட்டது. அவருக்கு உடம்பு சரியில்லை போல.

ஜூன் 17, செவ்வாய்

புதுப் போர்டை அப்படியே மாட்டினால் போதாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதனதன் அளவுகள் எழுதிய ஒரு சின்ன சிப் போர்டிலேயே இருக்கும். செத்த போர்டிலிருந்து அதைச் சூடுகாற்றில் பெயர்த்து, புதுப் போர்டில் ஒட்ட வேண்டும். எள்ளுக்கு எட்டுக் கால் முளைத்தது போல இருக்கும். சூடு கூடினால் கருகும், குறைந்தால் தடம் பிய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்தினேன். போனை அணைத்தேன். ஒட்டி முடித்ததும் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு காலாகப் பார்த்தேன்.

கரண்டு கொடுத்தேன். மெல்லிய ஊதல் போல மோட்டார் ஏறியது. டிக் டிக் என்று இரண்டு தட்டு, பிறகு ஒரே சீரான சத்தம். மூன்று வருடமாகச் செத்துக் கிடந்தது எழுந்து உட்கார்ந்துவிட்டது.

முதலில் முழுசாக ஒரு பிரதி எடுக்கப் போட்டிருக்கிறேன். ரங்கசாமி, நீ நிம்மதியாகத் தூங்கு. இன்னும் கொஞ்ச நாள்தான்.

ஜூன் 19, வியாழன்

பிரதி முடிந்தது. டி.வி.ஆர். பதிவு சாதாரண வீடியோ போல் திறக்காது, துண்டு துண்டாகக் கோர்க்க வேண்டும். கோர்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கடைசிப் பதிவின் தேதி தயாளன் செத்த தேதி. போன வாரமே எரிந்துவிட்டது என்று சொன்ன வாயைக் கிழிக்க இது ஒன்றே போதும். ஆனாலும் முழுவதும் பார்த்தேன்.

கடைப் பெயர்ப்பலகைக்கு மேலே மாட்டிய, ரோட்டைப் பார்த்த கேமரா. விடிந்தும் விடியாத நேரம். வாசலில் பால் டிரேக்கள். இடது பக்கத்திலிருந்து தயாளன் வருகிறார். மெதுவாக. நாய் ஒன்று குறுக்கே போகிறது, அதற்காக இன்னும் வேகத்தைக் குறைக்கிறார். சந்திலிருந்து விளக்குப் போடாமல் பேக்கரி வேன் பாய்கிறது. சத்தம் கிடையாது, படம் மட்டும்தான்.

திலீப் இறங்குகிறான். கிட்டே வந்து போன் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கிறான். உள்ளே ஓடுகிறான். ரங்கசாமி அவனோடு வெளியே வருகிறார். விழுந்தவரிடம் போகவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். கையைக் காட்டிக் காட்டி வேனைப் பின்பக்கம் அனுப்புகிறார். வண்டியை ஷெட்டில் விடுகிறவர் மாதிரி, பொறுமையாக. இடையில் தயாளன் ஒரு கையைத் தூக்குகிறார். ரங்கசாமி அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுக் கடைக்குள் போகிறார்.

அதற்கப்புறம் ரோட்டில் யாருமே இல்லை. நானும் தயாளனும் மட்டும்.

பிறகு ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வருகிறான். நிறுத்துகிறான். பக்கத்தில் குந்துகிறான். தயாளன் அவன் சட்டைக் கையைப் பிடிக்கிறார். வாய் அசைகிறது. ஏதோ சொல்கிறார். அவன் கேட்கிறான், தலை ஆடுகிறது. பேக்கரிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான், யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு எழுந்து கடைக்குள் போகிறான். கொஞ்ச நேரத்தில் படம் நின்றுவிடுகிறது.

ரங்கசாமியும் திலீப்பும் என் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறார்கள். இந்த ஹெல்மெட்காரனையும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கையைத் தரையில் வைத்தானே, அதற்காகவே அவனை விட மாட்டேன். கல்லாவுக்கு மேலே உள்ளே ஒரு கேமரா உண்டு. நாளைக்கு அதைக் கோர்க்கிறேன்.

ஜூன் 21, சனி

கோர்த்தேன். பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் வாசலில் மீன் பை தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை எடுத்துக் குழம்பு வைத்தார். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். அந்த ஆள் உள்ளே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கல்லா மேல் வைக்கிறார். ரங்கசாமி பேசிக்கொண்டே இருக்கிறார், கும்பிடுகிறார், மேலே கையைக் காட்டுகிறார். வந்தவர் வாசலைப் பார்க்கிறார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுகிறார். முகம் கேமராவுக்கு நேரே வருகிறது, பெரிதாகிக்கொண்டே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மின் இணைப்பைக் கழற்றுகிற அதே பழக்கம். தினமும் பார்க்கிற பழக்கம்.

ஞானம் அண்ணன்.

அந்த டிஸ்க்கில் கடைசியாகப் பதிந்தது அவர் முகம்.

ஜூன் 23, திங்கள்

வக்கீல் பர்வீன் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். மடிக்கணினியில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன்.

"ரோட்டு கேமரா மட்டும் வெட்டிக் குடுத்தாப் போதுமா மேடம்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வெட்டின துண்டு நிக்காது ரேணுகா. செத்தவரோட மனைவி, அதுவும் இதே தொழில் பண்றவங்க, நீங்களே எடிட் பண்ணிட்டீங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. டிஸ்க்கு, எரிஞ்ச போர்டு, எல்லாத்தையும் அப்படியே கோர்ட்டுல குடுக்கணும். அவங்க லேபுல முழுசாப் பார்ப்பாங்க. யாரு யாரு இருக்காங்களோ எல்லாரும் வருவாங்க. யாரையாச்சும் காப்பாத்தணுமா உங்களுக்கு?"

"இல்லைங்க மேடம்."

மதியம் விசாலியைக் கடைக்கு வரச் சொல்லி, நான் யார் என்பதைச் சொன்னேன். வீடியோவைக் காட்டினேன். வேன் வருகிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வேற எதையோ தேடிட்டு வந்தனுங்க்கா."

"தெரியும்."

"என்ற பையனுக்கு ரெண்டு வயசு. அப்பன் ஜெயிலுக்குப் போனான்னு ஆயிருமே."

"என் வீட்டுக்காரரு ரோட்டுல கையத் தூக்கினாரு விசாலி. பார்த்தியில்ல?"

அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன், வேறு எதுவும் கொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, லாக்கரில் இருந்து எடுத்தேன் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றாள். "கன்னத்துல அறைஞ்சதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க்கா." சேர்க்கச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். ஞானம் அண்ணன் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் நின்றேன்.

"பார்த்துட்டியா?" என்றார்.

"பார்த்துட்டேன்."

"உட்காரும்மா."

"வேண்டாம்."

மேஜையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "'ஆளு போயிட்டான், என் பையனையாச்சும் காப்பாத்து'ன்னு ரங்கசாமி போன்ல கெஞ்சினாரு. அங்கே வந்து பார்த்தா உசுரு இருந்துச்சு. உள்ள போயி சொன்னேன். கூப்பிடலாம், மொதல்ல இதை முடின்னாரு. முடிச்சேன். எரிச்ச டிஸ்க்கைப் போலீஸ் கேட்டாக் காட்டணும்னு அவங்களே வெச்சுக்கிட்டாங்க. வெளிய வந்து நான்தான் நூத்தியெட்டுக்குப் போன் பண்ணேன்."

"மொதல்ல பண்ணியிருக்கலாமேண்ணா."

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னார். காரணம் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்.

"போர்டை எதுக்குக் குடுத்தீங்க? இல்லைன்னே சொல்லியிருக்கலாமே."

"பத்து நாளு அதைத்தான் யோசிச்சேன். நீ உக்கடத்துக்கெல்லாம் போயி அலையறியேன்னு…" முடிக்கவில்லை. "அவரு என்கிட்ட என்ன சொன்னாருன்னு உனக்குச் சொல்லணும் ரேணு. மூணு வருஷமாச் சொல்லணும்னு…"

"சொல்லாதீங்க. உங்க வாயால எனக்கு அது வேண்டாம்."

தலையாட்டினார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு நாளு குடும்மா. ஷெரினுக்கு நானே சொல்லிடறேன். வேற ஆளு சொல்லி அவ கேக்க வேண்டாம்."

ஷெரின் அவர் மகள். நர்ஸிங் படிக்கிறாள். தாயில்லாப் பெண்.

"எங்களுக்கு வேற ஆளுதான் வந்து சொன்னாங்க" என்றேன். நேராக வக்கீல் ஆபீஸுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மூன்று பேரையும் கைது செய்துவிட்டார்கள். ஞானம் அண்ணனை, நான் டிஸ்க்கைக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலமே விசாரணைக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். ரங்கசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டுதான் போலீஸ் வேனில் ஏறினார். செருப்பு போட்டிருந்தார். அது ஒன்று குறை.

பேக்கரி மூடிக்கிடக்கிறது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 7, திங்கள்

ஷெரின் வந்தாள். காலேஜ் யூனிபார்மிலேயே. உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"அந்த வீடியோவ வாட்ஸப்புல பார்த்தேங்க்கா. கிளாஸ்ல உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல இருந்த பொண்ணு காட்டினா, உங்கப்பா மாதிரியே இருக்குதுன்னு."

நான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"அந்தப் போர்டு அப்பா குடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமாங்க்கா?"

"தெரிஞ்சும்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்பா பண்ணினது பெரிய தப்பு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு நாளு கேட்டாராமே" என்றாள். பதில் எதிர்பார்க்காமல் இறங்கிப் போனாள்.

இன்றைக்கு மதியம் ஒரு பள்ளிக்கூடத்து டிஸ்க் வந்திருந்தது. வெறும் டயோடு கோளாறு. அதைச் சரிசெய்ய எனக்குச் சாயங்காலம் வரை ஆனது.

ஜூலை 9, புதன்

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி, வீடியோவைக் காட்டினேன். முழுவதும் இல்லை. வேன் வருவதற்கு முன்னால் உள்ள அந்தச் சில விநாடிகள் மட்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார்.

"மெதுவாத்தான் வந்திருக்கான்."

"ஆமாங்கத்தை."

"நாய்க்குப் போயி நிறுத்தறான் பாரு. கிறுக்கன்." இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தரம். "நான் இத்தனை நாளா அவனைத் திட்டினனே கண்ணு."

ஆகஸ்ட் 20, புதன்

இன்றைக்கு ஞானம் அண்ணனின் ஜாமீன் மனு. நான் மட்டும் போவதாக இருந்தேன். அத்தை குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

கோர்ட் வராந்தாவில் கூட்டம். போலீஸ்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் ஞானம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. இளைத்திருந்தார். தூரத்தில் ஷெரின். ஞானம் அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை என் கையை விட்டுவிட்டு நேராக அவரிடம் போனார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"என்ற பையன் உன்கிட்ட என்னமோ சொன்னானாமே. என்ன சொன்னான்?"

ஞானம் அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

"'அண்ணா, கொஞ்சம் தூக்கி விடுங்க'ன்னாருங்கம்மா."

"வேற?"

"'வீடு பக்கம்தான், போயிருவேன்'னாரு. அவ்வளவுதானுங்கம்மா."

அத்தை இன்னும் ஒரு அடி கிட்டே போனார்.

"தூக்கினியா?"

"இல்லைங்கம்மா."

அத்தை தலையை ஆட்டினார். ஏதோ விலை விசாரித்துவிட்டு வருகிறவர் மாதிரி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை நாளும் அந்த அசைகிற வாயை எத்தனையோ தடவை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா என்கிறாரா, தண்ணீர் என்கிறாரா, என் பெயரைச் சொல்கிறாரா என்று.

உள்ளே கூப்பிட்டார்கள். பர்வீன் மேடம் குனிந்து என் காதருகே கேட்டார். "இவரு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. அப்பனும் பையனும் தப்பிக்க முடியாம இருக்கறது இவரு வாக்குமூலத்தாலதான். நாம எதிர்க்கலைன்னா இன்னிக்கே வெளிய வந்துருவாரு. என்ன சொல்லட்டும்?"

காலையில் பஸ்ஸில் வரும்போது, எதிர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன். யோசித்தது உண்மை.

"எதிர்க்கணும் மேடம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஞானம் அண்ணனுக்குக் கேட்டிருக்கும். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மனு தள்ளுபடி. ஷெரின் எங்களைத் தாண்டித்தான் வெளியே போனாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியிருந்தது, வேறு வழி இல்லை. ஒரே நிழற்குடையில் நின்றோம். அவள் பஸ் முதலில் வந்தது.

எங்கள் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. சத்தி ரோடு வந்தபோது பேக்கரிப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்குகிற நேரத்தில்தான் பேசினார்.

"இனிமே அவனை அண்ணன்னு சொல்லாதே கண்ணு."

"சரிங்கத்தை" என்றேன்.

எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். இன்றைய குறிப்பு முழுக்க அண்ணன் என்றே எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்த நேரமில்லை. காலையில் சீக்கிரம் கடை திறக்க வேண்டும்.